புக் செய்த வண்டி ஏன் உடனே வருவதில்லை?

ஆந்திராவில் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டி, இப்போது திருப்பதி மாவட்டம். 2022 வரை சித்தூர் மாவட்டம். 2016 ஏப்ரலில் அங்கே திறந்த இசுஸு ஆலையில்தான் வி-கிராஸ் பிக்அப் தயாராகிறது. பிஎஸ்-6 மாசு விதி 2020 ஏப்ரல் 1இல் அமலானது. அதற்கேற்ற வி-கிராஸ் விற்பனைக்கு வந்ததோ 2021 மேயில். நடுவில் கொரோனா வேறு. 2020இல் ஆலையும் விரிந்தது: தகடு அழுத்தும் பிரஸ் ஷாப், எஞ்சின் பூட்டும் பிரிவு.

காத்திருப்புக்கு இதுவும் ஒரு காரணம்: பொதுவாகவே, புது பிரஸ் வந்த மறுநாளே கதவுகள் வரிசையாக வந்து விழுந்துவிடாது. எஃகுத் தகட்டை எவ்வளவு வளைத்தாலும், அழுத்தம் நீங்கியதும் கொஞ்சம் பழைய நிலைக்கு நிமிரும். ஸ்டீல் ஸ்கேலை வளைத்து விட்டுப் பாருங்கள், அதே குணம்தான். எஃகு வலுவாக ஆக, நிமிர்வும் கூடும். அதனால் தகட்டை அழுத்தும் அச்சான டையையே வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்துச் செதுக்குகிறார்கள்.

எவ்வளவு கூடுதல்? கம்ப்யூட்டர் ஓரளவு சொல்லும். மீதி கை வேலை. நீலச் சாயம் பூசி அழுத்துவார்கள். டையில் சாயம் ஒட்டிய இடம் மேடு. அதைத் தேய்த்து, மறுபடி அழுத்தி, அளந்து, மறுபடி தேய்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கதவு இடுக்கு கண்ணில் படும்.

இது கதவுக்கு மட்டும். வெல்டிங் ரோபோவுக்குப் பற்றவைக்கும் புள்ளிகளைக் கற்றுத்தருவது தனி வேலை.