ஒன்றுக்கு ஐந்து... பிறகு 28 நாள்

சில வாரங்களுக்கு முன்பு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "உன் மருமகன் இனிமே பந்து விளையாட மாட்டேங்கிறான். நீயாவது பேசிப் பாரு" என்றார்.

மருமகன் படிவம் இரண்டு மாணவன். பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். அன்று முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். "நாங்க லாயக்கில்ல மாமா" என்றான். அவனிடம் நான் ஒரு கதை சொன்னேன். அது 2010ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த கதை.

அப்போது நான் ஜொகூர் பாருவில் கல்லூரி மாணவன். டிசம்பர் 1ஆம் தேதி இரவு நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்து காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம், ஜகார்த்தாவில். இந்தோனேசியா 5, மலேசியா 1. ஆட்டம் முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "முதல்ல கோச்சை மாத்தணும்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

அந்தப் பயிற்றுநர் கே. ராஜகோபால். ஒரு காலத்தில் தேசிய அணியின் சட்டை அணிந்து ஆடியவர். 2009இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நம் இளைஞர்கள் வியட்நாமை 1-0 என வென்றார்கள். 1989க்குப் பிறகு, 20 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த காற்பந்துத் தங்கம் அது. அந்த இளைஞர்களில் பலரை நம்பித்தான் ராஜகோபால் சுசுகி கிண்ணத்திற்கும் போனார். முதல் நாளே ஐந்து கோல் வாங்கினார்.

போட்டி தொடங்கிவிட்டால் பட்டியலில் இல்லாத புதிய ஆட்டக்காரரைக் கூட்டி வர முடியாது. தோற்ற அதே பிள்ளைகள்தான். அவர்களை வைத்துத்தான் அவர் எழ வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தோடு 0-0. பிறகு லாவோஸை 5-1 என வீழ்த்தினார்கள். அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2-0 என வென்று, ஹனோயில் ஒரு கோலும் விடாமல் தாக்குப்பிடித்தார்கள். இறுதியில் எதிரே நின்றது அதே இந்தோனேசியா.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கம். நம் ரசிகர்கள் சிலர் லேசர் ஒளி அடித்ததால் ஆட்டம் சற்று நேரம் நின்றது. அது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. மீண்டும் தொடங்கியதும் சாபி சாலி இரண்டு கோல், அஷாரி சம்சுடின் ஒரு கோல் அடிக்க, 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. 21 வயது கோல் காவலர் கைருல் பாமி அதைத் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தத்தில் 4-2. அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. டிசம்பர் 31ஆம் தேதி நாடே விடுமுறை கொண்டாடியது.

ஐந்து கோல் தோல்விக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருந்தது 28 நாள்.

"அது காற்பந்து மாமா" என்றான் மருமகன். சரி, கூடைப்பந்துக்கே வருவோம் என்றேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வூடன் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1948இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்றுநரானார். முதல் தேசிய வெற்றி எப்போது கிடைத்தது தெரியுமா? 1964இல்! அந்த ஆண்டு தொடங்கி 1975 வரை 12 பருவங்களில் 10 முறை அவர் அணிதான் வென்றது. பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அவர் முதல் நாள் கற்றுக்கொடுத்தது, காலுறையை மடிப்பில்லாமல் போடுவது எப்படி என்பதைத்தான். மடிப்பு இருந்தால் கால் கொப்பளிக்கும், கொப்பளித்தால் ஆட முடியாது.

ராஜகோபாலுக்கும் எல்லாம் வெற்றியாக முடியவில்லை. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று வெளியேறினோம். 2012 சுசுகி கிண்ணத்தில் அரையிறுதியைத் தாண்டவில்லை. 2013ஆம் ஆண்டோடு அவருடைய தேசியப் பணி முடிந்தது. பயிற்றுநர் நாற்காலி அப்படித்தான். ஆனால் அவர் வளர்த்த பிள்ளைகள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அன்றைய அணித்தலைவர் சாபிக் ரஹிமும் நம் எஸ். குணாளனும் பின்னாளில் ஜேடிடி சட்டையில் லார்க்கின் அரங்கில் ஓடியதை ஜொகூர் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வானொலியில் பேசும்போது பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, "விளையாட்டுல போனா பிழைக்க முடியுமா, தம்பி?" என்பதுதான். நியாயமான கேள்வி. எல்லாரும் தேசிய அணிக்குப் போக முடியாது. ஆனால், தோற்ற மறுநாள் காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்குப் போகும் பழக்கம் எஸ்பிஎம் தேர்விலும் வேலையிலும் உதவும். அதைச் சொல்லித்தர மாலை ஆறு மணிக்கும் திடலில் நிற்கும் ஆசிரியர் உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இருப்பார். ஒரு நாள் போய் அவரைப் பார்த்து நன்றி சொல்லுங்கள்.

மருமகன் மறுவாரம் பயிற்சிக்குப் போனான். அடுத்த ஆட்டத்திலும் தோற்றார்கள்.

"எட்டுப் புள்ளிதான் மாமா!" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.