மலைக்குப் போனவள் எந்த மலைக்குப் போனாள்?

"அக்கா மலைக்குப் போயிட்டா." இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நிற்கும் பிள்ளை இப்படிச் சொன்னால், அக்கா கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்று பொருள். தோட்டத்தில் மலை என்பது வேலை நடக்கும் தேயிலைக் காடு. ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் உண்டு. "இன்னைக்கு எந்த மலை?" என்று கேட்டால் "ஏழாம் நம்பர்" என்று பதில் வரும். அதே பிள்ளை கார்த்திகையில் "மாமா மலைக்கு மாலை போட்டிருக்காரு" என்றால் மலை சபரிமலையாகிவிடும். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டால், ஹட்டன் பஸ் நிலையத்தில் "மலைக்குப் போற பஸ்" என்பது மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிற பஸ். இத்தனை பொருளும் ஒரே சொல்லில் இருந்தும் எவரும் தடுமாறிக் கண்டதில்லை.

தடுமாறாமல் இருப்பது எப்படி என்பதை அறிவியலார் அரை நூற்றாண்டாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1979இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வினி ஒரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் 'பக்' என்ற சொல்லுக்குப் பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் இரு பொருள். சிலந்தியும் கரப்பானும் வருகிற வாக்கியத்தில் அந்தச் சொல்லை வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். அது காதில் விழுந்த அதே கணத்தில் திரையில் ஒரு சொல் மின்னும். அது உண்மையான சொல்தானா என்று அவர்கள் சட்டென்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். 'எறும்பு' என்று மின்னினாலும் 'உளவாளி' என்று மின்னினாலும் பதில் விரைவாக வந்தது. வாக்கியம் பூச்சியைத்தான் பேசுகிறது என்று தெரிந்தும், மூளை இரண்டு பொருளையும் எழுப்பியிருந்தது. மூன்று அசை கழித்துச் சோதித்தபோது உளவாளி மறைந்து எறும்பு மட்டும் நின்றது. சூழலுக்குப் பொருந்தாத பொருளைக் கழிக்கும் வேலை ஒரு நொடிக்குள், நம் கவனத்துக்கே வராமல் முடிந்துவிடுகிறது.

அப்படி எழும் பொருள்களில் எது முந்தி நிற்கும்? மலையகப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எவரும் அறிய வேண்டிய பதில் இதற்கு உண்டு. பிரித்தானிய ஆய்வாளர் ஜெனிபர் ரொட்டும் அவர் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்காகப் படகு வலிக்கும் 213 பேரைச் சோதித்தார்கள். 'ஃபெதர்' என்றால் பொதுவாக இறகு. படகு வலிப்போருக்கு அது துடுப்பின் தட்டைக் கிடையாகத் திருப்புவது. சோதனை நாளன்று படகு வலித்தவர்களுக்கு, அன்று வலிக்காதவர்களைவிடத் துடுப்புப் பொருள் அதிகம் தோன்றியது. வலித்து முடித்து எட்டு மணி நேரம் போல ஆன பிறகும் அப்படித்தான். எத்தனை ஆண்டுப் பழக்கமோ அத்தனைக்கு அந்தப் பொருள் முன்னே வந்தது. ஒருவர் மனத்தில் சொற்பொருள்களின் வரிசை அகராதியைப் பார்த்து அமைவதில்லை, அவர் பிழைப்பைப் பார்த்து அமைகிறது.

தோட்டத்துச் சொற்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 'பேர்' என்பதை எடுத்துக்கொள்வோம். பெயர், புகழ், ஆள் என்ற பொருள்கள் எல்லாத் தமிழருக்கும் பொது. தோட்டத்தில் நான்காவதாக ஒன்று உண்டு: செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் பதிவாகும் ஒரு நாள் வேலை. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டால், எத்தனை நாள் வேலை பதிந்தது என்று கேட்கிறாள். குறித்த நிறை கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப் பேர். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, அந்த ஆயிரம் முழுப் பேருக்கான ஆயிரம். தராசு முள் ஒரு கிலோ முன்பின் ஆடுவதில் ஒருத்தியின் சம்பளம் பாதியாகலாம். தோட்டத்துக் காதில் 'பேர்' என்றதும் பெயருக்கு முன்னால் சம்பளம் வந்து நிற்பதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒரு நடைமுறை பிறப்பித்த பொருள் அந்த நடைமுறையோடே மறைந்ததும் உண்டு. 'துண்டு' இன்றைக்குத் தோளில் கிடக்கும் துணி, அல்லது தேங்காய்த் துண்டு. நூறு வருடத்துக்கு முன் அது தொழிலாளியின் தலையெழுத்து. அவன் பேரில் உள்ள கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆள்திரட்டும் கங்காணிமார் தோட்டம் தோட்டமாக ஆட்களையும் கடனையும் சேர்த்தே கைமாற்றினார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதோடு அந்தப் பொருளும் பேச்சிலிருந்து மெல்ல உதிர்ந்துவிட்டது.

இவையெல்லாம் ஒரு வேரிலிருந்து கிளைத்த பொருள்கள். வேறொரு வகையும் இருக்கிறது: தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்வது. தொழிலாளர் குடியிருக்கும் 'லயம்' ஆங்கிலத்தின் 'லைன்'. சங்கீதத்தின் லயத்துக்கும் அதற்கும் உறவில்லை. விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் 'பிரட்டு', 'பரேட்' என்பதன் திரிபு. சட்டியில் கறியைப் பிரட்டுவது தனிச் சொல். தேயிலைச் செடியை வெட்டிவிடும் 'கவ்வாத்து'ம் கவனிக்கத்தக்கது. தமிழில் கவாத்து என்றால் பட்டாளத்து அணிவகுப்புப் பயிற்சியும்தான். தோட்டத்தில் அணிவகுப்பு ஆங்கிலப் பெயரோடு பிரட்டுக் களத்துக்குப் போய்விட, கவ்வாத்து கத்தியோடு மலைக்கு வந்துவிட்டது.

இந்த இரண்டு வகையையும் மூளை ஒன்றுபோல நடத்துவதில்லை. ரொட், காஸ்கெல், மார்ஸ்லன்-வில்சன் மூவரும் 2002இல் இதை அளந்து காட்டினார்கள். தம்முள் உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொற்களை ஆட்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். உறவில்லாத பொருள்கள் ஒட்டிய சொற்களில் தாமதமானார்கள். 'மலை', 'பேர்' போன்றவற்றில் ஒரு பொருள் மற்றதற்குக் கைகொடுக்கிறது. உறவில்லாப் பொருள்களோ ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதே மொழியின் குறை என்ற எண்ணத்தையும் இங்கேயே கைவிடலாம். பியான்டடோசி முதலானோர் 2012இல் வாதிட்டதுபோல, சூழல் பாதிச் சேதியைச் சொல்லிவிடுகிறபோது, குட்டையான, வாய்க்கு எளிதான சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனம்.

சூழல் ஊர் தாண்டாது என்பதுதான் சங்கடம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை மடுவம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளை மடுவம். தமிழகத்தில் மடுவம் என்பதை ஆடு மாடு அறுக்கும் இடமாகவே அறிந்த ஒருவர் "பிள்ளையை மடுவத்தில விட்டுட்டு வந்தேன்" என்ற வாக்கியத்தைப் படித்தால் நெஞ்சு பதறிப்போவார். எழுதியவள் பிழை செய்யவில்லை. அவளுடைய வாக்கியம் பயணத்துக்குப் போதிய துணையில்லாமல் புறப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் துணை எது என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றில் பொருளை வினையும் இனமும் சார்பும் தெளிவிக்கும். உரையாசிரியர்கள் காட்டும் 'மா' பூத்தால் மரம், ஓடினால் விலங்கு. மற்றதில் வினை உதவாது. மா வீழ்ந்தது என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். அங்கே இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பாடசாலையில் 'ஒரு சொல்லைப் பல பொருளில் வைத்து வாக்கியம் எழுதுக' என்ற பயிற்சி வரும்போது இந்தப் பிரிப்பு கைகொடுக்கும். மலைக்கு "வேலைக்காடு" என்று பொருள் எழுதுகிற பிள்ளையின் விடையைச் சிவப்பு மையால் அடிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கேட்க வேண்டியது வேறு: மலையகத்தைக் காணாத ஒருவருக்கு உன் வாக்கியமே பொருளைச் சொல்லுமா? "அம்மாவுக்குப் பேர் விழுந்தது" என்றால் மட்டக்களப்புப் பிள்ளைக்குப் புரியாது. "கொழுந்து நிறை குறைந்ததால் அம்மாவுக்கு இன்று அரைப் பேர்தான் விழுந்தது" என்றால் சம்பள விஷயம் என்று யாருக்கும் விளங்கும். "குழந்தை அழுததால் கொழுந்து நிறுத்த கையோடு பிள்ளை மடுவத்துக்கு ஓடினாள்" என்றால் தமிழகத்துக்காரர் பதற மாட்டார். ஊர்ப் பொருளை விட்டுக்கொடுக்காமல் வெளியாரையும் உள்ளே அழைக்கும் வாக்கியம் இது. எழுதப் பழகும் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் அதிகமில்லை.

தெளிவு உயிர்க் காரியமாகும் இடமும் தோட்டத்தில் உண்டு: 'மருந்து'. "மருந்து அடிக்கிறாங்க" என்றால் புல்லுக்கோ பூச்சிக்கோ. "மருந்து எடுக்கப் போனா" என்றால் டிஸ்பென்சரிக்கு. இங்கே வினை பிரித்துவிடுகிறது. "மருந்து குடிச்சிட்டாரு" என்பதைப் பிரிக்க முடியாது. அது காய்ச்சல் மருந்தாகவும் இருக்கும், நஞ்சாகவும் இருக்கும். சிங்களத்தின் 'பெஹெத்'தும் இந்த இரண்டு வேலையையும் செய்வதால், மொழிபெயர்த்துச் சொன்னாலும் குழப்பம் தீர்வதில்லை. இலங்கை 1995இல் மொனோகுரோட்டோபொஸ் போன்ற கொடிய நஞ்சுகளையும், 2008 முதல் 2011 வரை பரக்குவாட், டைமெதோயேற், பென்தியோன் ஆகியவற்றையும் விலக்கியதில் நஞ்சால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் தெளிக்கிற மருந்து வீட்டுக்கு வந்து, பழைய சோடாப் போத்தலில் அடைபட்டு, தட்டில் இருமல் மருந்தின் பக்கத்தில் நின்றால் பழைய ஆபத்துத்தான். அப்படி ஒருவரை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் "மருந்து குடிச்சிட்டாரு" என்பதோடு நிறுத்தக் கூடாது. புல்லு மருந்தா, பூச்சி மருந்தா, பெயர் என்ன என்று சொல்ல வேண்டும். முடிந்தால் போத்தலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எப்படிச் சிகிச்சை செய்வது என்று வைத்தியர் முடிவெடுக்க அந்த அடைமொழி பெரிதும் உதவும்.