பின்பக்கம் அமுங்கும் கார்: ஸ்பிரிங்கை மாற்றினால் மட்டும் போதுமா?

கோயில் திருவிழாவுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள், பசார் மாலாமில் வடை, முறுக்கு விற்பவர்கள், பூச்சரம் தொடுத்து ஊர் ஊராகக் கொண்டு செல்பவர்கள் எனச் சிறு தொழில் செய்யும் நம்மவர்கள் பலருக்கு வேன் வாங்கும் வசதி இருப்பதில்லை. வீட்டில் நிற்கும் பழைய சாகாவோ மைவியோதான் அவர்களுக்கு லாரி. பின் இருக்கையை மடக்கிச் சாமான்களை ஏற்றியதும் கார் வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் அடிப்பாகம் 'கறக்'கென்று உரசிய பிறகே பட்டறை நினைவுக்கு வரும். அங்கே போனதும் கேட்பது, "பின்னால் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டுவிடுங்கள்" என்பதுதான்.

கனமான ஸ்பிரிங் காரின் பின்பக்கத்தை நிமிர்த்தி வைக்கும். ஆனால், அந்தக் கார் சுமக்கக்கூடிய எடையை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. பிரேக், டயர், அச்சு, சக்கரத்தின் பேரிங் எல்லாம் பழையவையே.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்று பலர் கணக்குப் பார்ப்பதில்லை. 14 கிலோ கேஸ் தோம்பு ஒன்று, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அப்படி இரண்டு, 60 கிலோ. ஆளுக்கு ஆள் தூக்க முடியாத 40 கிலோ சாப்பாட்டு அண்டா மூன்று, 120 கிலோ. 60 லிட்டர் தண்ணீர், 60 கிலோ. ஓட்டுநரோடு மூன்று பேர், ஏறத்தாழ 210 கிலோ. மொத்தம் 450 கிலோ. ஐந்து பேரும் அவர்களின் பைகளும் என்ற கணக்கில் செய்யப்படும் சிறிய காரின் எல்லை பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டியே இருக்கும். அதிலும் பூட்டில், பின் சக்கரத்துக்கும் பின்னால் வைக்கும் சுமை துலாக்கோல் போல வேலை செய்கிறது. பின் அச்சை அழுத்துவதோடு முன் சக்கரத்தையும் தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று மகிழ வேண்டாம். திருப்புவதும் பெரும்பகுதி பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தாம். அதனால் அண்டாவைப் பூட்டின் கடைசியில் வைக்காமல், மடக்கிய இருக்கைக்கு மேல், முன்பக்கமாகத் தள்ளிக் கட்டுவதே செலவில்லாத முதல் வைத்தியம்.

அடுத்து, இருக்கும் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடிய காரில் அது சோர்ந்துபோய்த்தான் இருக்கும். சாமான் இல்லாதபோதே சக்கர நடுவிலிருந்து மேலே உள்ள வளைவு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அசல் அளவில் புதிய ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காரில் சுமை ஏற்றுவதைப் பற்றி இங்கு பேசவே வேண்டாம்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் சில வழிகள் உண்டு. சுருள் ஸ்பிரிங்கின் இடுக்கில் செருகும் ரப்பர் மலிவானது. ஆனால் அது ஸ்பிரிங்கின் அசைவைக் குறைத்து, ஒரே இடத்தில் அழுத்தத்தைச் சேர்க்கும். தடித்த கம்பியில் செய்த ஸ்பிரிங் போடலாம். கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். சுமை இறக்கிய பிறகு அந்தக் கார் குதிரையாகக் குதிக்கும். மழையில் நனைந்த வளைவில் பின்பக்கம் வழுக்கவும் செய்யும். அப்சோர்பரையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் இன்னும் மோசம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சுமை ஏற்றுபவருக்கு, சுருளுக்குள்ளே வைக்கும் காற்றுப் பை பொருத்தமானது. ஏற்றும்போது காற்றடித்து, இறக்கிய பின் குறைத்துக்கொள்ளலாம். அப்சோர்பர் சுருளின் நடுவே செல்லும் கார்களில் மட்டும் இது பொருந்தாது.

ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். இதில் ஒரு பட்டை கூட்டுவது பழைய வழக்கம். இங்குதான் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. பல பிக்கப், வேன்களில் பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். பட்டை கூட்டியதால் வண்டி தாழாமல் நின்றால், சுமையே இல்லை என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் போதாமல் போகும். பட்டை கூட்டும் போமனிடம், இந்த வால்வையும் சரிசெய்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

டயரையும் மறக்கக்கூடாது. அளவு எண்ணுக்குப் பக்கத்தில் 82 என்று இருந்தால், சரியான காற்றில் ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும். இதில் காரின் சொந்த எடையும் அடக்கம். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய தாளிலேயே இருக்கும். டயர் சூடாவதற்கு முன் காற்றடிப்பது முக்கியம்.

வணிக வேன், லாரியின் பக்கவாட்டில் பெராட் தான்பா முவாத்தான், பெராட் டெங்கான் முவாத்தான் என்ற இரண்டு எடைகளின் சுருக்கத்தைப் பார்க்கலாம். முதலாவது சுமை இல்லாத எடை, இரண்டாவது சுமையோடு சேர்ந்த எடை. (தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிடிஎம்' ஆகிவிடும் என்பது வேறு குழப்பம்.) ஸ்பிரிங்கை எவ்வளவு கனமாக்கினாலும் இரண்டாவது எண் மாறாது, சாலைத் தடுப்பில் வண்டியை நிறுத்தினால் அதுதான் கணக்கு. காரின் உயரத்தை மாற்றும் வேலை என்றால் முன்கூட்டியே ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுவது நல்லது. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தலைவலியாகலாம்.

வேலை முடிந்ததும் வழக்கமாக ஏற்றும் சாமான்களை ஏற்றி, இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் மேல்நோக்கி அடித்தால் எதிரில் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்குக் கண் கூசும். விளக்கையும் இறக்கித் தரச் சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங்காக இருந்தால், சில நாள் ஓடிய பிறகு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்கிக்கொள்ளுங்கள்.