கொக்கியில 2 டன், சரி. மேல இருக்கிற கர்டர்ல?

இன்னிக்கு எபிசோடு, ஒரு இன்ஜினைத் தூக்குறதைப் பத்தி.

வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் போனவங்களுக்குத் தெரியும், மலை ஏறப்போற வண்டியும் இறங்கி வந்த வண்டியும் நின்னு மூச்சு வாங்குற ஊர் அது. கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக்னு ஒர்க்‌ஷாப்புக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி சின்ன ஒர்க்‌ஷாப் எந்த ஊர்ல இருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒண்ணுதான்: தகர ஷெட், குறுக்கே ஒரு இரும்பு, அதுல தொங்குற செயின் பிளாக்.

செயின் பிளாக்ல '2 டன்'னு எழுதியிருக்கும். அது அந்தச் செயின் பிளாக் தாங்குற எடை மட்டும்தான். அதைத் தாங்குற இரும்பு எவ்வளவு தாங்கும்? பல ஷெட்டுகள்ல அது கூரைத் தகரத்துக்காகப் போட்ட பைப். தகரத்தையும் காத்தையும் கணக்குப் பண்ணிப் போட்டது, டீசல் இன்ஜினை இல்லை.

கணக்கு சுலபம். ரெண்டு முனையிலயும் தாங்கல் இருக்கிற கர்டருக்கு நடுவுல எடையைத் தொங்கவிடுறோம்னு வைங்க. 3 மீட்டர் இடைவெளியை 6 மீட்டர் ஆக்கினா, அதே கர்டர் தாங்குற எடை பாதியாயிடும். அதே எடைக்கு வளைவு 8 மடங்காகும்.

அடுத்தது சங்கிலி போடுற கோணம். 1 டன் இன்ஜினை ரெண்டு சங்கிலியில செங்குத்தா தூக்கினா ஆளுக்கு 500 கிலோ. தரையோட 45 டிகிரி சாய்வுல இருந்தா ஒவ்வொண்ணுலயும் 707 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துட்டா 1,000 கிலோ. இன்ஜின் எடை மாறல, சங்கிலி இழுக்குற இழுப்புதான் இரட்டிப்பாச்சு. குட்டையான சங்கிலியை வச்சு 'அட்ஜஸ்ட்' பண்றப்போ நடக்குறது இதுதான்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காம இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு கிரேன், வின்ச், கப்பி, சங்கிலி, கொக்கி, ஷேக்கிள்னு பேர் சொல்லியே பட்டியல் போட்டது. ஒவ்வொன்றும் போதுமான வலிமையோட இருக்கணும். 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள நபர் முழுசா பரிசோதிச்சுப் பதிவேட்டில் எழுதணும். பாதுகாப்பான எடை அளவைக் கருவியின் மேலேயே தெளிவா குறிக்கணும். சோதனைக்காகத் தவிர அந்த அளவைத் தாண்டவே கூடாது. சோதனைக்கும் ஆளைத் தள்ளி நிறுத்தணும்னு நான் சொல்வேன். 2020 ஆகஸ்ட் 1-ல் விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பெரிய கிரேன் சோதனையின்போதே சரிஞ்சு 11 பேர் இறந்தாங்க.

இதே மலைத்தொடரோட இன்னொரு அடிவாரத்துல பழனி. அங்க ரோப் காரைப் பராமரிப்புக்காக வருஷா வருஷம் வாரக்கணக்கில் நிறுத்துவாங்க, பக்தர்கள் அலுத்துக்குவாங்க. 2007 ஆகஸ்டில் அந்த ரோப் காரில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தது ஞாபகம் இருந்தா, அலுப்பு கொஞ்சம் குறையும்.

இப்போ சிக்கலான இடம். அந்த 29-வது பிரிவு 'தொழிற்சாலை'க்குத்தான். மின்சக்தியில் இயங்கினா 10 பேர், இல்லாட்டி 20 பேர் வேலை செய்யணும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இதை 20, 40 ஆக உயர்த்திடுச்சு. 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடம் 'நிறுவனம்'ங்கிற பேர்ல தொகுப்புக்குள்ள வரும். ஆனா ஒரு மேஸ்திரி, மூணு பசங்க இருக்கிற ஒர்க்‌ஷாப்? பழைய சட்டத்துலயும் பொதுவா இல்லை, புதுசுலயும் இல்லை. இன்ஜின் என்னவோ பெரிய கம்பெனியில தொங்குற அதே எடைதான். எனக்கு இது நியாயமா படல.

ஜாக்கி விஷயமும் அப்படியே. அது தூக்கத்தான், உள்ளே ஒரு ரப்பர் சீல் போனா எண்ணெய் கசிஞ்சு வண்டி இறங்கிடும். வண்டிக்கு அடியில படுக்குறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு வைக்கணும். செங்கல்லை அடுக்கக் கூடாது, அது வளையாது, திடீர்னு நொறுங்கும்.

ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற மாமா, அண்ணன் யாராவது உங்க வீட்டுல இருந்தா ஒண்ணு செய்யலாம். ஷெட்டோட இடைவெளி, இரும்போட அளவு, தூண் எப்படி ஊனியிருக்குன்னு போட்டோ எடுத்து, சிவில் படிச்ச நண்பர்கிட்ட கொடுங்க. அவர் நேர்ல வந்து வெல்டிங்கையும் துருவையும் ஒரு தடவை பார்க்கட்டும். வர்ற எண்ணை மஞ்சள் பெயின்ட்ல கர்டர் மேலேயே பெருசா எழுதிடுங்க, கீழ நிக்கிற பையனுக்கும் தெரியுற மாதிரி.