வெட்டி ஒட்டும் நாளில் ஒரு கணக்குப் பாடம்

டென்மார்க்கின் ஆரம்ப வகுப்புகளில், நத்தாருக்கு முன்னதாக ஒரு நாள் பாடப்புத்தகங்கள் மூடப்பட்டிருக்கும். மேசைகளில் கத்தரிக்கோலும் பசையும் வண்ணக் கடதாசிகளும் பரவிக்கிடக்கும். 'கிளிப்பெ கிளிஸ்டர் டே' என்பது அந்நாளின் பெயர். வெட்டி ஒட்டும் நாள் என்பது பொருள். பல பாடசாலைகள் அன்று பெற்றோரையும் அழைக்கின்றன. அழைப்பைக் கண்டதும் எம்மவர் வீடுகளில் எழும் கேள்வி, "படிப்பை விட்டுவிட்டு இதென்ன விளையாட்டு?" என்பதே.

அன்று பிள்ளைகள் செய்பவற்றுள் முதன்மையானது, நத்தார் மரத்தில் தொங்கவிடும் பின்னல் இதயம். எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1860 ஆம் ஆண்டளவில் செய்த ஒன்று இன்றும் பேணப்படுகிறது. சிவப்பும் வெள்ளையுமான இரு கடதாசிகளை மடித்து, திறந்த முனையை வளைவாக வெட்டி, மடிப்புப் பக்கத்திலிருந்து நேராகக் கீறுகிறார்கள். கீறலின் நீளம் கடதாசியின் அகலத்திலும் சற்றுக் கூடியிருத்தல் வேண்டும். குறைந்தால் பின்னும்போதே கிழிந்துவிடும். அளவின் அருமையை அடிமட்டம் சொல்வதைவிட இந்தக் கிழிசல் விரைவாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டு கீறல் இட்டால் 3 பட்டிகள்; பின்னி முடித்தால் 9 சதுரங்கள். மூன்று கீறலுக்கு 4 பட்டிகள், 16 சதுரங்கள். ஒன்பதில் ஒரு நிறத்துக்கு 5, மற்றதற்கு 4. பதினாறிலோ எட்டுக்கு எட்டு. முன்னையதில் ஒன்று ஏன் மிஞ்சியது என்று பிள்ளை கேட்கும் கணத்தில், ஒற்றையும் இரட்டையும் வர்க்க எண்ணும் ஒருங்கே வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு பட்டியினுள் நுழைந்தால் அடுத்ததைச் சுற்றிச் செல்லவேண்டும். ஒழுங்கு தவறினால் சதுரங்கக் கோலம் குலையும். பிழையை ஆசிரியை சுட்டிக்காட்டத் தேவையில்லை.

கடதாசி மடித்தலையும் பின்னலையும் சிறுவர் கல்வியில் சேர்த்தவர்களுள் முதன்மையானவர், 1840 இல் 'கிண்டர்கார்டன்' என்னும் பெயரை வழங்கிய ஜேர்மனியரான பிரெட்ரிக் புரோபெல். எம் தாய்மாருக்கோ இவ்வறிவு புதியதன்று. சார்வோலையை வார்ந்து பாயும் பெட்டியும் இழைத்த கைகள் அவர்களுடையவை. புள்ளியை எண்ணிக் கோலமிட்ட கைகளும் அவையே. அக்கோலங்களுள் உறைந்த கணித ஒழுங்கை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து, கணினி அறிவியலோடு இணைத்துக் காட்டினர்.

எம் பிள்ளைகளுள் பலர் வைத்தியரிடத்தும் அலுவலகங்களிலும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நின்று வளர்ந்தவர்கள். தமக்குத் தெரிந்தது பெற்றோருக்குத் தெரியாது என்ற எண்ணம் அவர்களுள் மெல்லப் படிகிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடப்பாடும் 2002 இல் உள்ளூராட்சிகளிலிருந்து நீக்கப்பட்டது. தமிழ் பாடசாலைக்குள் நுழையும் வழிகள் மிகச் சிலவே.

ஆகவே, டெனிஷ் மொழி வாராதென்று கூசி அன்று வீட்டில் நின்றுவிடாதீர்கள். பின்னலுக்கு அதிக மொழி வேண்டியதில்லை. பிள்ளையின் அருகே சிறுகதிரையில் அமர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று எனத் தமிழில் எண்ணியபடி பட்டிகளைக் கோத்துக் கொடுங்கள். அம்மாவின் கை கணக்கறிந்த கை என்பதைப் பிள்ளை தன் தோழர் நடுவே காணட்டும்.