துருப்பிடித்த தோசைக்கல்லை எடைக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்த வண்டி, இப்போது ஸ்பீக்கரில் ரெக்கார்டிங் போட்டபடி மதுரை தெருக்களுக்குள் வருகிறது. வீடு மாற்றும்போதோ ஊரில் பாட்டி வீட்டை ஒழிக்கும்போதோ, அந்த வண்டியில் முதலில் ஏறுவது பெரும்பாலும் துருப்பிடித்த தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும்தான். கிலோ கணக்கில் காசு, கதை முடிந்தது. ஆனால், மதுரையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளின் பழைய பாத்திரங்களைப் புராதனப் பொருளாக விலை சொல்லி விற்கிறார்கள்.

முதல் கேள்வி, அது வார்ப்பிரும்புதானா? அமெரிக்காவின் பழைய கிரிஸ்வோல்டு வாணலிகளைப் புரட்டினால் கம்பெனி பெயரே இருக்கும். நம்ம ஊர்க் கல்லில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. எவர்சில்வர் மாதிரி இதில் யாரும் பேர் வெட்டிவைப்பதும் இல்லை. அதனால் கைப்பிடியைப் பாருங்கள். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிச் செய்தது என்றால், கைப்பிடியும் உடலும் ஒரே வார்ப்பாக இருக்கும். அடிப்பக்கம் மணல் போலச் சொரசொரக்கும். கைப்பிடியை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தால், சுத்தியல் தடம் தெரிந்தால், அது அடித்துச் செய்த இரும்பு. உள்பக்கம் மட்டும் வழுவழுப்பாக, அதில் வட்ட வட்டமான மெஷின் கோடுகளும் இல்லாமல் இருந்தால், அது பல வருஷம் தோசைக்கரண்டி தேய்த்த தேய்ப்பாக இருக்கலாம்.

துரு பிரச்சினையே இல்லை. விரிசல்தான் பிரச்சினை. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடையும். கரண்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. 'தொப்'பென்று கேட்டால் வெளிச்சத்தில் பிடித்து மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். வெல்டிங் வைத்த கல் சூட்டில் மறுபடி பிளக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, இது சீரியஸான விஷயம். மீன்வலைக் குண்டு போன்றவற்றுக்காகக் காரீயம் உருக்கப் பயன்பட்ட சட்டி என்று சந்தேகம் வந்தால் சமையலுக்கு வேண்டவே வேண்டாம். கழுவினால் போகும் விஷம் இல்லை அது.

துருவை எடுக்க, ஸ்டீல் நாரும் பாத்திர சோப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். 'ராத்திரி முழுக்க ஊறட்டும்' என்று விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவியதும் உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். இல்லாவிட்டால் கண்முன்னாலேயே மறுபடி செம்பழுப்பு ஏறும்.

அடுத்தது கல்லைப் பழக்குவது. சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கறுப்புப் படலமாக மாறுகிறது. அந்தக் காலத்து நான்ஸ்டிக் இதுதான். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சில சொட்டு விட்டு, பாதி வெங்காயத்தால் பரப்பி, பிறகு துணியால் எண்ணெயே இல்லாத மாதிரி துடைத்துவிட வேண்டும். பலரும் சொதப்புவது இங்கேதான். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பாகிவிடும். புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மூன்று நான்கு முறை இதையே செய்யுங்கள். ஜன்னலைத் திறந்துவைக்க மறக்காதீர்கள்.

முதல் நாலு தோசை ஒட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். புளிக்குழம்பை மட்டும் பழகும்வரை இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள். புளி அந்தப் படலத்தையே கரைத்து, குழம்பையும் கறுப்பாக்கும்.