பழைய மடக்குக் கத்தியை எடைக்குப் போடாதீர்கள்

வெள்ளம் வடிந்த பின் பெட்டியைத் திறந்தால் இரும்புச் சாமான் எல்லாம் செம்மண் பூசியது போல் துருவேறிக் கிடக்கும். கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்காம் கால்வாயையும் அடுத்துள்ள வட சென்னை சடையங்குப்பம் மக்களுக்கு இது புதிதல்ல. 2015 வெள்ளத்திலும் அவ்வூர் பாதிக்கப்பட்டது. உப்புக் காற்றும் சேர்வதால் அங்கு துரு விரைந்து ஏறும்.

இவ்வாறு துருவேறிய மடக்குக் கத்தியைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒட்டுக் கட்டவும் கவாத்து செய்யவும் ஏற்ற நல்ல எஃகு அதில் இருக்கலாம். மொண்ணைக் கத்தியால் சீவிய ஒட்டுக் குச்சி சரியாகப் பொருந்தாது. நசுங்கிய இடம் அழுகி, ஒட்டு பட்டுப் போகும்.

அடையாளம் காணும் முறை

அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் முத்திரை இருக்கும். ஷெபீல்டு என்றிருந்தால் இங்கிலாந்துக் கத்தி. சோலிங்கன் என்றிருந்தால் ஜெர்மன் கத்தி. நட்சத்திரமும் சிலுவையும் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் குறி. அதில் கிரீடத்தோடு வி.ஆர். எழுத்துகள் இருந்தால் பொதுவாக விக்டோரியா அரசி காலத்தது, அதாவது 1901-க்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். புகழ் பெற்ற பெயர்களைப் போலியாக அடித்த கத்திகளும் உண்டு. எனவே பெயரை மட்டும் நம்பக் கூடாது.

அலகின் வடிவமும் பயனைச் சொல்லும். உள்பக்கம் வளைந்தது கவாத்துக் கத்தி. நேரான அலகும், ஒரு பக்கம் மட்டும் சரிவும் உடையது ஒட்டுக் கத்தி. பட்டையை நெம்பும் சிறு எலும்பு அல்லது பித்தளைத் தகடு இருந்தால் அது மொட்டுக் கட்டும் கத்தி. அகன்ற அலகுடன் தடித்த ஊசியும் மடங்கியிருந்தால் அது மாலுமிகளின் கயிற்றுக் கத்தி.

சுத்தம் செய்த அலகில் எலுமிச்சைச் சாறு தடவிச் சிறிது நேரம் விடவும். கருத்தால் சாதாரண எஃகு. கருக்காவிட்டால் துருப்பிடிக்காத எஃகு. துருப்பிடிக்காத எஃகுக் கத்தி 1913-ஆம் ஆண்டு ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி அவ்வெஃகை உருவாக்கிய பிறகே வந்தது.

துரு நீக்குதல்

மடங்கி இறுகிய அலகை நெம்பவோ சுத்தியால் தட்டவோ கூடாது. ஆணியும் வில்லும் சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைக்கவும். மறுநாள் மெல்ல அசைத்தால் இளகும். இளகாவிட்டால் மீண்டும் எண்ணெய் விட வேண்டும். கொம்பு, எலும்பு, மரப் பிடியை எண்ணெயில் ஊற வைத்தால் கெடும். பள்ளத்தில் உள்ள அழுக்கைப் பழைய பல் துலக்கியால் எடுக்கலாம்.

பின்னர் நைசான உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேய்க்கவும். முத்திரை உள்ள இடத்தைத் தேய்க்க வேண்டாம். கருமை முழுவதும் போக வேண்டியதில்லை. செந்துரு போனால் போதும்.

சாணை பிடித்தல்

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதே பல நல்ல கத்திகளுக்கு எமனாகிறது. சூடேறி விளிம்பு நீலமானால் எஃகின் பதம் போய்விடும், கூர் நிற்காது. கைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு நிதானமாகத் தீட்டுவதே சரி. ஒட்டுக் கத்தியின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்து, பிசிரை மட்டும் எடுக்க வேண்டும். கடைசியில் பழைய தோல் வாரில் இழுக்கவும். செம்பருத்திக் குச்சியைச் சீவினால் பட்டை கிழியாமல் வழவழப்பாக வர வேண்டும்.

கவனத்திற்கு

ஆணி தளர்ந்து அலகு ஆடினால் அனுபவமுள்ள கொல்லரிடம் கொடுங்கள். வில் உடைந்து அலகு நிற்காத கத்தி விரலைப் பதம் பார்க்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம். வெட்டுக்காயம் பட்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையெனில் டி.டி. ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். யானைத் தந்தப் பிடியுள்ள கத்தியை விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடைத்தால் நோய் பரவுவது குறையும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி உயரமான இடத்தில் வைக்கவும். தோல் உறையில் நாள்கணக்கில் வைத்தால் ஈரம் கட்டி மீண்டும் துருவேறும்.